ஐந்தாவது கொத்து

ஜனகராஜ் அண்ணனுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் பியானோ இசைப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் அச்சுக்குத் தயார் செய்வதுதான் அவர் வேலை. கீழவாசல் பக்கம் ஒரு பாத்திரக்கடை மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசையில், பதினொரு வருஷமாக அதைத்தான் செய்துவருகிறார். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் பழைய இசைத்தாள்களைப் படம் பிடித்து அனுப்பும். அவர் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு குறியையும் புதிதாக வைத்துத் திருப்பி அனுப்புவார். ஸ்பீக்கரை மேசைக்குக் கீழே துணி சுற்றிப் போட்டிருந்தார். சத்தம் கேட்டால் கண் கலைந்துவிடும் என்பார்.

என் வேலை ஒப்புப் பார்ப்பது. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும் என்று ஓனர் பாண்டியராஜன் அண்ணன் சொன்னதால்தான் எட்டாம் வகுப்போடு நின்ற என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். திருவாதவூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் குறிகளின் உண்மையான பெயர்கள் வாயில் நுழையாது. சுரத்தைக் காட்டும் கறுப்புப் புள்ளிக்கு முட்டை என்று பெயர். அதைத் தாங்கும் கோட்டுக்குக் குச்சி. ஒரே நேரத்தில் அழுத்த வேண்டிய நாலைந்து முட்டைகள் ஒரே குச்சியில் அடுக்காக நின்றால் அது கொத்து. முட்டைக்கு முன்னால் வரும் குறிகள் மூன்று. வேலி போல இருப்பது சுரத்தை அரைப்படி ஏற்றும். இங்கிலீஷ் பி எழுத்து போல இருப்பது அரைப்படி இறக்கும். பெட்டி போல இருப்பது ஏற்றமும் வேண்டாம் இறக்கமும் வேண்டாம் என்று பழைய இடத்தில் நிறுத்தும். இவ்வளவுதான் எங்கள் ஞானம்.

கொத்தில் இந்தக் குறிகளை வைப்பதில்தான் ஜனகராஜ் அண்ணன் கெட்டிக்காரர். அஞ்சு முட்டைக்கும் அஞ்சு குறி வந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மேல் முட்டையின் குறியை முட்டைக்கு மிக நெருக்கமாக வைப்பார். அடி முட்டைக்கும் அதற்கும் இடைவெளி போதுமென்றால் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவார். நடுவில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக இடப்பக்கம் தள்ளுவார். முடிந்ததும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்ப்பார். வேலியும் பெட்டியும் ஒன்றையொன்று தொடாமல், பஸ்ஸில் பெண்கள் பக்கம் நிற்கிற ஆம்பளைகள் மாதிரி ஒதுங்கி நிற்கும்.

அந்தக் கண் அவருக்குச் சேலையிலிருந்து வந்தது. அவர் சௌராஷ்டிரர், மகால் பக்கத்து நெசவுக் குடும்பம். இந்த வேலைக்கு வருவதற்கு முன் தறிக்காரர்களுக்குச் சேலை பார்டர் டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொடுத்தவர். பார்டரில் ஒரு மயில் வந்தால் அதே மயில்தான் கடைசிவரை வர வேண்டும். ஒரு மயிலில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் அது பிசகு. கண்டுபிடித்துச் சரிசெய்வது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி.

போன வருஷம் மே மாதம் சவரிராயன் என்ற ரிட்டயர்டு ரயில்வே ஊழியர் மாடியேறி வந்தார். கையில் ஒரு நீள நோட்டு. அவருடைய அக்கா மரிய சௌந்தரம் பியானோ டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்து, முந்தின ஜூலையில் இறந்துபோயிருந்தார். நோட்டில் அவர் சொந்தமாக எழுதிய இருபத்திரண்டு இசை உருப்படிகள், எல்லாம் பென்சிலில். வருஷ நினைவுப் பூசைக்கு அதைப் புத்தகமாகப் போட வேண்டும், நூறு பிரதி போதும் என்றார்.

"எங்கக்கா போட்டது போட்டபடி இருக்கணும். ஒரு புள்ளி மாறக்கூடாது. இதுதான் நான் கேக்குறது."

"மாறாதுங்கய்யா. இவரு கண்ணு கழுகுக் கண்ணு," என்றார் ஓனர்.

நோட்டில் ரப்பரால் அழித்த தூள் இன்னும் பக்கங்களின் இடுக்கில் இருந்தது. ஒரு பக்கத்தில் ஒரு நரைமுடி. ஜனகராஜ் அண்ணன் அதை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல், அதே பக்கத்திலேயே திரும்ப வைத்தார்.

கடைசி உருப்படி இரண்டே பக்கம். அதில் ஒரே மாதிரியான ஒரு கொத்து ஆறு முறை வந்தது. ஐந்தாவது முறை மட்டும் வேறு மாதிரி. ஒரே கோட்டில் இரண்டு முட்டைகள் ஒட்டி ஒட்டி இருந்தன. ஒன்றுக்கு முன்னால் பி, இன்னொன்றுக்கு முன்னால் பெட்டி. புதிய தாளில் அந்த இடத்தில் ஒரு முட்டையும் ஒரு பெட்டியும்தான் இருந்தன. நான் வட்டம் போட்டேன்.

"அண்ணே, இந்த எடத்துல ரெண்டு இருக்கு."

"பாத்தேன் முனீஸு. ஒரே சுரத்த எறக்கவும் சொல்றாக, எறக்காதேன்னும் சொல்றாக. நடக்குமா? கை தவறியிருக்கும்."

"டீச்சர் போட்டிருக்காகள்ல?"

"வயசானவுக. மத்த அஞ்சு எடத்தப் பாரு, ஒண்ணுதானே இருக்கு. பார்டர்ல அஞ்சு மயிலு ஒழுங்கா நின்னு, ஒரு மயிலு மட்டும் ரெண்டு தலையோட நின்னா என்ன செய்வ?"

அந்தப் பக்கம் கல்யாணப் பத்திரிகை மடித்துக்கொண்டிருந்த ஓனர் தலையைத் தூக்கினார். "ரெண்டு தல மயிலா? விடு மாப்ள, அதுக்குத்தான் இப்ப கிராக்கி."

எல்லோரும் சிரித்தோம். ஜனகராஜ் அண்ணன் என் சிவப்பு வட்டத்தின் மேல் வெள்ளை மையைத் தடவினார்.

அவர் பார்க்காத ஒன்றை நான் பார்த்திருந்தேன். அந்த இடத்தில் நோட்டுத்தாள் மெலிந்திருந்தது. ஜன்னல் பக்கம் பிடித்தால் வெளிச்சம் தெரிந்தது. டீச்சர் அதை எத்தனையோ முறை அழித்து, எத்தனையோ முறை எழுதி, கடைசியில்தான் இரண்டு முட்டைகளையும் அழுத்தி வைத்திருந்தார். கை தவறி எழுதுகிறவர் அம்புட்டுத் தேய்க்க மாட்டார். இதை நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்து, அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டதால் விட்டுவிட்டேன்.

ஜூலையில் கீழவெளி வீதிப் பக்கம் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் பூசை முடிந்து மாலையில் பியானோ வாசிப்பு நடந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சரிடம் படித்த ஒரு பெண் எங்கள் புத்தகத்தை விரித்து வைத்து வாசித்தாள். நான் வாசிப்பைவிடச் சவரிராயன் ஐயாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி உருப்படி தொடங்கியதும் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். எதையோ எதிர்பார்த்து மூச்சை அடக்கியிருந்தார். பிறகு, இருட்டில் இன்னொரு படி இருக்கும் என்று கால் வைத்து அது இல்லாமல் போனவர் போல உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நாலாம் நாள் மாடிக்கு வந்தார்.

"அந்தப் புள்ள ஒரு எடத்துல தப்பா வாசிச்சிருச்சு," என்றார். "கடைசிப் பாட்டுல ஒரு எடம் வரும். எங்கக்கா அத வாசிச்சா சோத்துல மண்ணு கடிபட்ட மாதிரி இருக்கும். நான் அடுப்படியில நின்னுக்கிட்டு, ஏக்கா, தப்பா வாசிக்கிறேம்பேன். அவ சிரிச்சுக்கிட்டே திரும்ப அதையே வாசிப்பா. இருவது வருசமா இதே பேச்சு. அந்தச் சத்தத்த இன்னொருக்கக் கேக்கணும்னுதான் புத்தகமே போட்டேன். அந்தப் புள்ள சீனி போட்ட மாதிரி வாசிச்சிட்டுப் போயிருச்சு." மேசைப் பக்கம் திரும்பினார். "புத்தகத்துல சரியா இருக்குல்ல?"

ஜனகராஜ் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "சரியா இருக்குங்கய்யா," என்றார்.

"அப்பச் சரி. வேற ஆள வச்சு வாசிக்கச் சொல்றேன்." அவர் படியிறங்குகிற சத்தம் நின்ற பிறகும் ஜனகராஜ் அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மேசைக்குக் கீழே குனிந்து ஸ்பீக்கரின் துணியை அவிழ்த்தார். டீச்சரின் ஃபைலைத் திறந்து, ஐந்தாவது கொத்தில் எடுத்துப்போட்ட முட்டையைத் திரும்ப வைத்து, சேமித்து மூடினார். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால் அந்த முட்டை இல்லை. மறுபடி வைத்தார். மறுநாள் காலையிலும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை.

"முனீஸு, நிக்க மாட்டேங்குது."

"புரோகிராம் அப்படியா இருக்குமோண்ணே?"

"பத்து வருசத்துல இப்படி ஆனதில்ல." குரலைத் தாழ்த்தினார். "நான்தானே அழிச்சேன். இப்ப அந்தம்மா அழிக்கிறாக."

நடந்தது என்ன என்பது நாலாம் நாள் தெரிந்தது. ஒரே குச்சியில், ஒரே கோட்டில் இரண்டு முட்டை வந்தால் அந்தப் புரோகிராம் ஒன்றைத் தவறு என்று எடுத்துக்கொண்டு தானாகவே நீக்கிவிடுகிறது. அவர் செய்ததைத்தான் அதுவும் செய்தது. இறக்கிய முட்டைக்குத் தனியாக ஒரு குச்சி கொடுத்து வைத்தபோது அது நின்றது. காரணம் தெரிந்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிரமம். இரண்டு முட்டைகளையும் தோளோடு தோள் ஒட்டி நிறுத்த வேண்டும். பி எந்த முட்டைக்கு, பெட்டி எந்த முட்டைக்கு என்று வாசிப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடாது. இரண்டும் ஒரே உயரத்தில் நிற்பதால் மேலும் கீழும் ஒதுக்க வழியில்லை, பக்கவாட்டில்தான் தள்ள வேண்டும். மேலே ஒரு பி, அடியில் ஒரு வேலி வேறு. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று முட்டியது. முந்தின சுரத்தின் குச்சி போய் பியின் வயிற்றில் குத்தியது. மதியம் வரை மயிரிழை மயிரிழையாகத் தள்ளினார். கடைசியில் நோட்டில் டீச்சர் எப்படி வைத்திருந்தார் என்று பெரிதாக்கிப் பார்த்தார். அவரும் அதே வரிசையில்தான் வைத்திருந்தார். கொத்துக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே இடம் விட்டிருந்தார்.

"எடம் விட்டு எழுதியிருக்காக, பாத்தியா," என்றார். "ரெண்டு வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

அப்போது நான் தாள் மெலிந்திருந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல," என்று மட்டும் கேட்டார். அது திட்டைவிட அதிகமாக வலித்தது.

பிறகு ஸ்பீக்கரைப் போட்டு அந்த இடத்தைப் புரோகிராமிலேயே ஓடவிட்டார்.

நாலு கொத்துகள் மெதுவாக, இதமாக வந்தன. ஐந்தாவது வந்தது. இரண்டு பேர் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் நின்றது போலிருந்தது. ஆறாவது கொத்து வந்து அதைச் சமாதானப்படுத்தியது.

"என்ன மாப்ள, இரும்புக் கதவா திறக்குது?" என்று ஓனர் உள்ளிருந்து கத்தினார். ஜனகராஜ் அண்ணன் மேசை விளிம்பில் இரண்டு விரல்களை ஒட்டி வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு அது எல்லா இடத்திலும் கேட்டது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்கள் சேர்ந்து ஹார்ன் அடித்தால் நடையை நிறுத்தி, "கேட்டியா?" என்பார். கீழே பாத்திரக்கடையில் இரண்டு குடம் உரசினால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். ஒரு நாள் அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொண்டுவந்த அவர் மனைவி சுந்தரவல்லி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்க எதுவும் பிரச்சனையா? வீட்ல சோத்துக்கு முன்னாடி உக்காந்து தட்டு ஓரத்துல ரெண்டு விரல வச்சு அழுத்துறாரு. கேட்டா, அந்தம்மா கேக்குறாகன்னு சொல்றாரு. எந்தம்மா?"

நான் சொன்னேன். கேட்டு முடித்ததும் அக்கா, "அந்தத் தம்பிக்காரரு வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அக்கா சொல்லி, அந்தச் சனிக்கிழமையே நானும் அண்ணனும் சவரிராயன் ஐயா வீட்டுக்குப் போனோம். ஜனகராஜ் அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "ஐயா, அந்தப் புள்ள தப்பா வாசிக்கல. நான்தான் மாத்திப் போட்டேன். கை தவறி எழுதிட்டாகன்னு நெனச்சேன்."

"எப்பத் தெரிஞ்சது?"

"நீங்க கேட்டன்னிக்கே தெரியும்."

சவரிராயன் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "சரியா இருக்குன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீகளே." சத்தம் போடவே இல்லை. மூடிக்கிடந்த பியானோ அவருக்குப் பின்னால் இருந்தது. அதன் மேல் யாரோ மருந்து டப்பாக்களை வைத்திருந்தார்கள்.

ஜனகராஜ் அண்ணன் போனை எடுத்தார். "சரி பண்ணிட்டேன். போனுல கொண்டாந்திருக்கேன். ஒரு தடவ கேளுங்க."

"வேணாம்." கையை நீட்டித் தடுத்தார். "எல்லாப் புத்தகத்துலயும் சரி பண்ணிட்டு வாங்க. அப்பறம் கேக்குறேன்." உள்ளே போய்ப் பெயர்ப்பட்டியலை எடுத்துவந்தார். தன் பிரதியையும் சேர்த்துத் தொண்ணூற்றொன்பது பெயர்கள்.

திருத்திய வரியை மட்டும் சின்னச் சீட்டாக நூறு அச்சடித்தோம். பழைய வரியின் மேல் அது அளவாக உட்கார வேண்டும். சனி ஞாயிறுகளில் பசைப் புட்டியோடு வீடு வீடாகப் போனோம். மேலூரில் ஒரு வீட்டில் புத்தகத்தை டிவி ஸ்டாண்டின் காலுக்கு அண்டக் கொடுத்திருந்தார்கள். ஜனகராஜ் அண்ணன் டிவியைத் தூக்கிப் பிடிக்க, நான் உருவி, ஒட்டி, திரும்ப அங்கேயே வைத்தேன். வேறு எங்கே வைக்கச் சொல்ல முடியும்? ஒரு மடத்தில் ஒரு சிஸ்டர் ஒட்டியவுடனே வாசித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதா சரி? பழசு நல்லா இருந்துச்சே."

"நல்லாதான் இருந்துச்சு சிஸ்டர்," என்றார் ஜனகராஜ் அண்ணன். "டீச்சரோடதா இல்ல."

அக்டோபர் கடைசியில் தொண்ணூற்றொன்பதாவது சீட்டைச் சவரிராயன் ஐயாவின் சொந்தப் பிரதியில் ஒட்டினோம். அவர் தடவிப் பார்த்தார். பட்டியலில் கடைசிப் பெயரை அடித்தார்.

"நூறு போட்டோம்," என்றார். "இன்னும் ஒண்ணு இருக்கு. வாங்க."

கல்லறைத் தோட்டத்துக்கு ஆட்டோவில் போனோம். மாலை நாலு மணி. கல்லறைத் திருநாளுக்காகச் சிலர் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் கல்லறை கறுப்புக் கிரானைட்டால் புதிதாகக் கட்டியிருந்தது. பெயர் பொன்னெழுத்தில். சுற்றிலும் சிமெண்ட் பூச்சு.

"வருசப் பூசைக்குக் கட்டும்போது, மேல் கல்லு வைக்கிறதுக்கு முன்னால ஒரு புத்தகத்த பிளாஸ்டிக்ல சுத்தி உள்ள வச்சேன்," என்றார் சவரிராயன் ஐயா. "யார்ட்டயும் சொல்லல. அவளுக்குப் பொழுதுபோக வேணாமா? இப்ப அவகிட்ட இருக்கிறது நீங்க போட்டது. ஒட்டுங்க பாப்போம்."

ஜனகராஜ் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைச் சுற்றி வந்தார். ஏதாவது இடுக்கு இருக்குமா என்று தேடுகிறவர் போல விளிம்பில் விரலை ஓட்டினார். இடுக்கு இல்லை. ஒரு கையில் சீட்டு, இன்னொரு கையில் பசைப் புட்டி. பிறகு புட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, போனை எடுத்து, சத்தத்தை முழுசாக வைத்து, ஓடவிட்டு, கல்லின் மேல் கவிழ்த்து வைத்தார்.

கல்லில் பட்டுச் சத்தம் கனத்து வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது வந்தபோது வெள்ளையடிக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சவரிராயன் ஐயா கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது. "ஏக்கா," என்றார். "தப்பா வாசிக்கிற."

பாட்டு முடிந்தது.

"இன்னொரு தடவ போடுங்க," என்றார்.

ஜனகராஜ் அண்ணன் போட்டார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க நான் கிளம்ப வேண்டியிருந்தது. நான் வாசலைத் தாண்டும்போதும் அது கேட்டது.

இப்போது அவர் ஸ்பீக்கரைத் துணி சுற்றி வைப்பதில்லை. புரியாத கொத்து வந்தால் மாற்றுவதில்லை, பதிப்பகம் வழியாக எழுதியவரைக் கேட்டுக் கடிதம் அனுப்புகிறார். பதில் வரும்வரை அந்தப் பக்கத்தைத் தொடமாட்டார். எழுதியவர் இறந்துவிட்டார் என்று பதில் வந்தால், இருந்ததை இருந்தபடி வைத்துவிட்டு, அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறார்.

நூறாவது சீட்டு அவர் சட்டைப் பையில் இருக்கிறது. துவைக்கப் போடும்போது சுந்தரவல்லி அக்கா எடுத்துவைப்பாராம். மறுநாள் போடுகிற சட்டைக்கு அதை அவரே மாற்றிக்கொள்வாராம். தூக்கிப் போடவா என்று அக்கா ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

"அவுகளுக்கு இன்னும் குடுக்கலையே," என்றாராம்.